குறுவாளும் கொல்லனும்

கருவிகள் யாவும் பயன் கருதிப் பிறப்பன. பயன் ஒழிந்தவிடத்து அவையும் ஒழிவன. இஃது உலகியற்கை. பனையோலை ஏட்டில் எழுதும் வழக்கம் நின்றபின் எழுத்தாணி வடிக்கும் கொல்லனும் இல்லாதொழிந்தான். துப்பாக்கி வந்தபின் வில் வளைப்போனும் வேல் வடிப்போனும் மறைந்தனர். வழக்கிழந்த கருவியை நூதனசாலையிற் பேணி வைத்தல் இயலும். அதனைச் செய்த கையின் அறிவையோ பேழையில் இட்டுப் பூட்டி வைத்தல் இயலாது. அவ்வறிவு ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறிவரும் வரையே உயிர் வாழும். இடையில் ஒரு தலைமுறை தவறுமாயின் அதனை மீட்டல் அரிது.

இப்பொது விதிக்கு மாறாக இன்றும் நிலைபெற்றிருக்கும் தொழில்களுள் ஒன்று யப்பானிய வாட்கொல்லரின் தொழில். யப்பானில் இன்று வாளேந்திப் போர் புரிவார் எவருமிலர். அதனை இடையிற் செருகி வீதியிற் செல்வாரும் இலர். அத்தொழிலோ இருமுறை அழிவின் விளிம்பை எட்டியது. முதன்முறை வாள் அணிதல் விலக்கப்பட்டது. இரண்டாம்முறை வாள் செய்தலே விலக்கப்பட்டது. எனினும் அந்நாட்டின் சிற்றூர்களிற் கொல்லுலைகள் இன்றும் எரிகின்றன. இது நிகழ்ந்த வகையை, வாட்கலையின் மிகச் சிறிய வடிவமாகிய குறுவாளையும், மியாயிரி அகிஹிரா (1913–1977) என்னும் கொல்லரின் வாழ்வையும் கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

குறுவாளின் இயல்பு

யப்பானியர் தம் வாள்களை நீளம் பற்றி மூவகைப்படுத்துவர். அவர்தம் பழைய நீட்டலளவையாகிய ‘ஷக்கு’ என்பது ஏறக்குறைய 30.3 சதமமீற்றர் ஆகும். இரண்டு ஷக்கும் அதற்கு மேற்பட்டனவும் நெடுவாள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்டது இடைவாள். ஒரு ஷக்குவிற்கு உட்பட்டது குறுவாள். குறுவாளை அவர்கள் ‘தந்தோ’ என வழங்குவர். பழங்காலத்துப் போர்வீரர் நெடுவாள் வீசுதற்கு இடமில்லாத நெருக்கத்திற் குறுவாளைக் கையாண்டனர். வீரர் குடும்பத்துப் பெண்டிரும் தற்காப்பின் பொருட்டு அதனை ஆடையினுள் மறைத்து வைத்திருந்தனர்.

நாளடைவிற் குறுவாளுக்குப் போரோடு தொடர்பில்லாத வேறொரு பொருளும் உண்டாயிற்று. அது காவற்பொருளாக மதிக்கப்பட்டது. அரச குடும்பத்திற் குழந்தை பிறந்தால், பேரரசர் அக்குழந்தைக்குப் புதிதாகச் செய்யப்பட்ட குறுவாள் ஒன்றைப் பட்டுத் துணியிற் சுற்றி, மரப்பேழையில் இட்டு வழங்குதல் இன்றும் நிகழும் சடங்காகும். இறந்தாரின் உடலருகே தீமை அணுகாவண்ணம் ஒரு குறுவாளை வைக்கும் வழக்கமும் அந்நாட்டில் உண்டு. பிறப்பிலும் இறப்பிலும் உடனிருப்பதாகிய இக்கருவி எவரையும் வெட்டுதற்கு உரியதன்று. ஆயினும் அது வெட்டுந் தகுதி உடையதாகவே செய்யப்படல் வேண்டும் என்பது மரபு. கூரற்ற வாள் காவற்கு ஆகாது என்பது அவர்தம் கொள்கை.

நெடுவாளின் பக்கத்திற் பெரும்பாலும் நீளவாட்டில் ஒரு வரம்பு ஓடும். குறுவாளோ பெரும்பாலும் அவ்வரம்பின்றி, முதுகிலிருந்து வாய்வரை ஒரே தட்டையாக அமையும். ஆதலால் இரும்பின் தன்மை முழுவதும் வெளிப்படையாகத் தோன்றும். சிறிது என்பதனால் அதனைச் செய்தல் எளிதென எண்ணுதல் தவறு. கொல்லனின் பிழை ஒளிந்துகொள்ளுதற்கு அதில் இடமேயில்லை. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த மசமுனே என்பார் யப்பானிய வாட்கொல்லருள் தலைசிறந்தவராகப் போற்றப்படுபவர். அவர் தம் பெயர் பொறித்தனவாக இன்று எஞ்சியுள்ளவை மிகச் சிலவே. அவருடைய உண்மைப் பொறிப்புடையனவாக ஏற்கப்படுவன குறுவாள்களே என்பது கருதத்தக்கது.

இரும்பும் நெருப்பும்

குறுவாளின் வரலாறு ஆற்றுமணலிலும் மலைமணலிலும் தொடங்குகின்றது. யப்பானில் இரும்புக் கற்கள் மிகுதியாக இல்லை. மணலோடு கலந்து கிடக்கும் கரிய இரும்புத் துகள்களே அந்நாட்டின் பழைய செல்வம். இத்துகள்களைக் கரியோடு மாறிமாறி இட்டு எரிக்கும் களிமண் உலைக்கு ‘ததரா’ என்பது பெயர். மூன்று இரவும் மூன்று பகலும் இடைவிடாது துருத்தியால் ஊதப்படும் இவ்வுலை, ஏறக்குறைய பத்துத் தொன் இரும்பு மணலையும் அதனினும் சற்று மிகுந்த கரியையும் உண்ணும். முடிவில் உலையின் சுவரையே இடித்து வீழ்த்தி, அடியில் திரண்டு கிடக்கும் இரும்புப் பாளத்தை வெளியே இழுப்பர். இரண்டு முதல் இரண்டரைத் தொன் வரை நிறையுள்ள அப்பாளத்தை உடைத்து, அதனுள் மிகச் சிறந்த பகுதியைத் தெரிந்தெடுப்பர். அதுவே ‘தமஹகனே’ எனப்படும் வாளிரும்பு.

தமிழில் இவ்வகை இரும்பை ‘உருக்கு’ என்கிறோம். உருக்கிச் செய்யப்படுவது என்னும் பொருளை அச்சொல்லே உணர்த்தும். தென்னாட்டு மூசைகளில் உருகி நீராகி, ஒருதன்மையதாக உறைந்த இரும்பிற்கு அப்பெயர் முற்றிலும் பொருந்தும். யப்பானிய வாளிரும்போ முற்றாக உருகுவதில்லை. இளகித் திரள்வதே அதன் இயல்பு. ஆதலால் அப்பாளத்தின் ஒரு பகுதியிற் காபன் மிகுந்தும், மற்றொரு பகுதியிற் குறைந்தும், இடையிடையே கசடு கலந்தும் காணப்படும். காபன் மிகுந்த இரும்பு வன்மையுடையது, ஆயின் எளிதில் உடையும். குறைந்தது மென்மையுடையது, ஆயின் கூர் தாங்காது. இவ்வேறுபாட்டைச் சமன்செய்தலே கொல்லனின் முதற்கடமை.

அதன்பொருட்டு அவன் இரும்பைச் செந்தழலிற் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து நீட்டி, நடுவே வெட்டி மடித்து, மீண்டும் அடித்து ஒன்றாக்குவான். இவ்வாறு பத்து முதற் பதினைந்து முறை வரை மடித்தல் வழக்கம். பதினைந்து முறை மடித்தவிடத்து ஓரடுக்கு 32,768 அடுக்காகப் பெருகும் எனக் கணக்கறிந்தோர் உணர்வர். ஒவ்வொரு முறையும் கசடு வெளியேறும். காபனும் எரிந்து ஒருபடித்தாகப் பரவும். முதலில் நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரை என்னும் அளவினதாக இருந்த காபன், இறுதியில் நூற்றுக்கு முக்கால் என்னும் அளவிற்குக் கீழிறங்கும். மடிப்பின் தடம் வாளின் பக்கத்தில் மரவைரத்தின் வரிகள் போலத் தோன்றும். இவ்வரிகளைக் கொண்டே எக்காலத்து எக்குடிக் கொல்லன் செய்த வாள் என அறிஞர் கூறுவர்.

வடிவம் அமைந்தபின் வருவது தோய்ச்சல். இதுவே தொழிலின் உச்சம். களிமண்ணையும் கரித்தூளையும் சாணைக்கல் தூளையும் குழைத்து, வாளின் முதுகிலே தடிப்பாகவும் வாயிலே மெல்லியதாகவும் பூசுவர். பின்னர்க் கொல்லன் பட்டறையை இருளாக்குவான். நெருப்பின் நிறத்தைக் கண்ணாற் கண்டறிதல் வேண்டுமாதலின், பகலொளி அதற்குப் பகையாகும். ஏறக்குறைய 750 முதல் 800 பாகை வெப்பத்தை இரும்பு அடைந்த கணத்தில் அதனை நீரினுள் அமிழ்த்துவான். மெல்லிய பூச்சுள்ள வாய் விரைவிற் குளிர்ந்து மிக வன்மையடையும்; தடித்த பூச்சுள்ள முதுகு மெல்லக் குளிர்ந்து மென்மையும் உறுதியும் பெறும். வாயில் உண்டாகும் வன்படிகம் கனவளவிற் சற்று விரிவதால் வாள் முதுகுப்புறமாக வளையும். நெடுவாளின் அழகிய வளைவிற்கு இவ்விரிவும் ஒரு காரணம். குறுவாளை நேரியதாகச் செய்ய விரும்பும் கொல்லன், இவ்விரிவை முன்னரே கணித்து, தோய்ச்சலுக்கு முன் அதனை எதிர்ப்புறமாகச் சிறிது வளைத்து வைப்பான்.

வன்மையும் மென்மையும் கூடும் எல்லையில் வெண்ணிறக் கோடு ஒன்று வாளின் நீளம் முழுவதும் தோன்றும். இதனை ‘ஹமோன்’ என்பர். சிலவற்றில் அது நேர்கோடாகவும், சிலவற்றில் அலையாகவும், வேறு சிலவற்றில் மொட்டவிழும் பூவரிசை போலவும் அமையும். அக்கோட்டினுள் வெறுங்கண்ணுக்குத் தனித்தனியே தெரியும் படிகங்கள் பனித்துளிகளென மின்னும். கண்ணுக்குத் தனித்தனியே புலனாகாதவை மூடுபனியெனப் படரும். இது மேலே பொறித்த சித்திரமன்று. இரும்பினுள்ளே நெருப்பும் நீரும் விளைத்த மாற்றமேயாம். தோய்ச்சலின்போது வாயில் ஒரு மயிரளவு வெடிப்பு உண்டாயினும் பல நாள் உழைப்பு வீணாகும். வெந்த இரும்பு மறுமுறை வாய்ப்புத் தருவதில்லை.

கொல்லன் தன் தொழிலை முடித்தபின் சாணை வல்லுநர் பல்வகைக் கற்களால் வாளைத் தீட்டி அதன் அழகை வெளிக்கொணர்வார். உறை செய்வார் வேறொருவர். கொல்லனின் பெயரும் ஊரும், செய்த காலமும் பிடியினுள் மறையும் அடிப்பகுதியிலே உளியாற் பொறிக்கப்படும். பிடியைக் கழற்றினாலன்றி அப்பெயர் தெரியாது.

இரு தடைகள்

1868இல் மெய்ஜி ஆட்சி ஏற்பட்டபின் யப்பான் மேனாட்டு முறைகளை விரைந்து தழுவியது. 1876ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், படையினரும் காவலரும் சடங்குடை தரித்த அதிகாரிகளும் தவிர்ந்த ஏனையோர் வாள் அணிதல் விலக்கப்பட்டது. ஒரே ஆணையால் வாட்கொல்லர் தம்மை ஆதரித்தோரை இழந்தனர். பலர் அரிவாளும் சமையற் கத்தியும் செய்யத் தொடங்கினர். ஒசாக்காவில் வாழ்ந்த கஸ்ஸான் சதகாசு (1836–1918) போன்ற மிகச் சிலரே வறுமையிலும் உலையை அணையவிடாது காத்தனர். 1906இல் அரண்மனை அவரை அரசவைக் கலைஞருள் ஒருவராக ஏற்றது. அவர்தம் மகனிடம் பயின்ற தகஹாஷி சதத்சுகு (1902–1968) என்பவரே பின்னாளில் வாட்கலையின் பொருட்டு அரசின் உயர் மதிப்பை முதன்முதற் பெற்றவர்.

இரண்டாம் இடர் இதனினும் கொடியது. இருபதாம் நூற்றாண்டின் போர்க்காலத்திற் படை அதிகாரிகளுக்கென வாள்கள் தொழிற்சாலைகளிற் பெருந்தொகையாகச் செய்யப்பட்டன. அவற்றுட் பல பழைய முறையில் மடித்துத் தோய்க்கப்படாதவை. அவ்வாள் ஆசிய மக்களுக்கு அச்சத்தின் சின்னமாயிற்று. 1942 முதல் 1945 வரை மலாயாவில் யப்பானியர் ஆட்சியின்கீழ் வாழ்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவும் அவ்வச்சத்தை நேரில் அறிந்தன. ஆதலின் 1945இல் யப்பான் தோல்வியுற்றபோது, வெற்றி பெற்ற படையினர் வாள்களையெல்லாம் ஆயுதங்களென ஒப்படைக்கக் கட்டளையிட்டமை வியப்பன்று. கோயில்களிற் பலநூற்றாண்டு பேணப்பட்டனவும் இவ்வாணையினுள் அடங்கின. எண்ணிறந்தவை அழிந்தன, எண்ணிறந்தவை கடல் கடந்து போயின.

அந்நிலையிலே வாளாராய்ச்சியிற் புலமைமிக்க ஹொன்மா ஜுன்ஜி முதலியோர், ஆக்கிரமிப்புப் படையின் அதிகாரியாகிய கேணல் கட்வெல் என்பாரிடம் பழைய வாள்களைக் காட்டி, ஆயுதத்திற்கும் கலைப்பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினர். கலைமதிப்பு உடையனவற்றைச் சோதித்து விலக்களிக்க அவர் இசைந்தார். 1948இல் யப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் நிறுவப்பட்டது. பழைய வாள்கள் ஒருவாறு பிழைத்தன. புதிய வாள் செய்யும் உரிமையோ கிட்டவில்லை. பொருள்கள் காக்கப்பட்டு, அவற்றைச் செய்யும் கைகள் வாளாவிருந்த காலம் அது.

இவ்விடத்து ஈசே என்னும் ஊரிலுள்ள பெருங்கோயிலின் வழக்கமொன்று நினைக்கத்தக்கது. அக்கோயில் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை முற்றாகப் புதிதாகக் கட்டப்படுகின்றது. வாள்கள் உட்பட இறைவனுக்குரிய பொருள்கள் யாவும் புதிதாகச் செய்யப்படுகின்றன. போரினாற் பிற்போடப்பட்ட திருப்பணி 1953இல் நிறைவெய்தியது. அதன்பொருட்டு வாட்கொல்லர் சிலர்க்குப் பொதுத் தடைக்கு விலக்காக அனுமதி வழங்கப்பட்டது. இருபது ஆண்டென்பது ஒரு தொழிலாளி மாணாக்கனாகப் பயின்று, மறுமுறை ஆசானாக நின்று கற்பித்தற்கு ஏற்ற காலம். பொருளைப் பேணுவதற்கு மேலாகச் செய்முறையைப் பேணும் அறிவு அவ்வழக்கத்தில் அமைந்துள்ளது. 1953ஆம் ஆண்டிலேயே வாட்கொல்லர் உரிமம் பெற்றுத் தொழில் புரியச் சட்டமும் இடமளித்தது.

மியாயிரி அகிஹிரா

மியாயிரி அகிஹிரா 1913இல் நகானோ மாகாணத்தில் சிக்குமா ஆற்றங்கரையிலுள்ள சகாக்கி என்னும் ஊரிற் கொல்லர் குடும்பமொன்றிற் பிறந்தார். ஊர்க்கொல்லனின் மகனுக்கு இரும்பும் நெருப்பும் புதியனவல்ல. ஆயினும் வாட்டொழில் வேறு, ஊர்த்தொழில் வேறு. பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய குரிஹாரா ஹிக்கோசபுரோ, மறைந்துவரும் வாட்டொழிலைக் கற்பிக்கும் நோக்குடன் 1933இல் தோக்கியோவிற் பயிற்சிக்கூடமொன்றை நிறுவியிருந்தார். 1937இல் மியாயிரி அங்கு மாணாக்கராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு.

அவர் தொழிலிற் கைதேர்ந்து வந்த காலத்திலேயே போர் முடிந்தது, தடையும் வந்தது. தாம் கற்றதொன்று சட்டத்தால் விலக்கப்பட்டுவிட்ட நிலையில், முப்பத்திரண்டு வயதினராகிய ஒரு கொல்லர் எதிர்காலத்தை எவ்வாறு நோக்கியிருப்பார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அக்காலத்து வாட்கொல்லர் பலர் மண்வெட்டியும் அரிவாளும் அடித்து வாழ்ந்தனர்; சிலர் தொழிலையே கைவிட்டனர். மியாயிரி தம் பிறந்த ஊராகிய சகாக்கியையே வாழ்விடமாகக் கொண்டார்.

தடை நீங்கியபின் 1955இற் புதிய வாள்களுக்கான முதற் போட்டிக் கண்காட்சி நடைபெற்றது. அதிலும் தொடர்ந்த நான்கு கண்காட்சிகளிலும் மியாயிரி தலைப்பரிசு பெற்றார். அவர் நோக்கமெல்லாம் மசமுனேயின் வழியிற் சென்ற பதினான்காம் நூற்றாண்டுக் கொல்லரின் ஆற்றலை மீட்டல் என்பதே. அவ்வழியினர் இரும்பை மிக உயர்ந்த வெப்பத்திற் தோய்த்தனர். வெப்பம் மிகுந்தால் படிகங்கள் பொலிவுறும். சிறிது எல்லை கடந்தாலோ வாள் வெடிக்கும். அழகும் அழிவும் அருகருகே நிற்கும் அவ்விடத்தையே அவர் தம் தொழிற்களமாகக் கொண்டார். பழைய கொல்லர் செய்முறையை நூலாக எழுதிவைத்துச் சென்றிலர். அவர்தம் வாள்களே அவர் விட்டுச்சென்ற நூல்கள். அவற்றைப் பார்த்து ஊகித்து, உலையிற் சோதித்து, தோற்று, மீண்டும் சோதித்தலன்றி வேறு வழியில்லை.

1950இல் இயற்றப்பட்டுப் பின் திருத்தப்பட்ட பண்பாட்டுச் செல்வப் பாதுகாப்புச் சட்டம் இக்காலத்திற் புதுநெறி ஒன்றைத் தோற்றுவித்தது. கட்டடத்தையும் சிலையையும் போலவே கைத்திறனையும் நாட்டின் செல்வமாக அது மதித்தது. திறன் உருவமற்றது, ஆதலின் அதனைத் தாங்கி நிற்கும் மனிதரையே அரசு தெரிந்தெடுத்துப் பாராட்டும். இவர்களை மக்கள் ‘மனித தேசியச் செல்வம்’ என்று வழங்குவர். வாட்கொல்லருள் 1955இற் தகஹாஷி சதத்சுகுவும், அவரையடுத்து 1963இல் மியாயிரியும் இம்மதிப்பைப் பெற்றனர். அப்போது மியாயிரிக்கு வயது ஐம்பது. இம்மதிப்புக்குரியோர்க்கு அரசு ஆண்டுதோறும் உதவிப்பணம் வழங்குவது ஓய்வின் பொருட்டன்று. தம் திறனை மேலும் வளர்த்துப் பிறர்க்குக் கற்பித்தற் பொருட்டேயாம்.

அக்கடமையை மியாயிரி செவ்வனே ஆற்றினார். அவரிடம் பயின்றோருள் ஓசுமி தொஷிஹிரா (1932–2009) ஒருவர். ஆசான் அலையெனப் புரளும் கோட்டையும் மின்னும் படிகத்தையும் விரும்பினார்; மாணாக்கரோ அடக்கமான நேர்கோட்டைத் தமக்குரியதாகக் கொண்டு அதனிலே தேர்ச்சி பெற்றார். 1997இல் ஓசுமியும் மனித தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டார். ஆசானின் சாயலைப் பெறாது ஆசானின் ஒழுக்கத்தைப் பெற்ற மாணாக்கர் அவர். மியாயிரி 1973இல் யுக்கிஹிரா எனப் பெயர் மாற்றிக்கொண்டு, 1977இல் மறைந்தார். போருக்குப்பின் அணைந்துகிடந்த ததரா உலையை ஷிமானே மாகாணத்திற் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் மீண்டும் மூட்டியதும் அதே ஆண்டிலேயாகும். மியாயிரியின் மகன், தந்தை மறைந்தபின் தந்தையின் மாணாக்கர் ஒருவரிடம் பயின்று வாட்கொல்லரானார். தந்தையின் கையறிவு மாணாக்கர் வழியாக மகனை வந்தடைந்தது. மியாயிரியின் ஊராகிய சகாக்கியில் இன்று இரும்புக் கலைக்கென ஒரு காட்சிச்சாலையும் உள்ளது.

இன்றைய நிலை

இன்று யப்பானில் வாள் செய்ய விரும்புவோன் உரிமம் பெற்ற கொல்லரிடம் குறைந்தது ஐந்தாண்டு பயிலல் வேண்டும். அக்காலத்திற் பெரும்பாலும் ஊதியம் கிடையாது. கரியை அளவாக வெட்டப் பழகுதற்கே நெடுநாள் செல்லும். பின்னர் அரசு நடத்தும் பயிற்சியிலும் தேர்விலும் தேறினாலன்றி உரிமம் கிட்டாது. உரிமம் பெற்றவரும் மாதமொன்றுக்கு நெடுவாளாயின் இரண்டு, குறியனவாயின் மூன்று என்னும் எல்லையைக் கடத்தலாகாது. விரைந்து செய்த வாள் தரங்குன்றும் என்பது இவ்வரையறையின் கருத்து. செய்யப்பட்ட ஒவ்வொன்றும் கலைப்பொருளெனப் பதிவு செய்யப்படும். இவ்வளவு கடினமான வாழ்வை விரும்பி வருவோர் தொகை குறைந்து வருகின்றது. சட்டத்தின் தடைக்குத் தப்பிய தொழில், ஆளின்மைக்குத் தப்புமா என்பதே இனி எழும் வினா.

வாள் தீமைக்கும் கருவியாயிற்று என்பதை மறைத்தல் ஆகாது. அதனாற் துன்புற்ற மக்கள் அதனைக் கலைப்பொருளென ஏற்கத் தயங்குவதும் இயல்பே. எனினும், வாளின் கொடுமையைத் துறந்து அதன் திறனைக் காத்தல் இயலும் என்பதற்கு மியாயிரியின் வாழ்வு சான்றாகின்றது. புதிதாகப் பிறந்த ஒரு குழந்தையின் அருகே வைக்கப்படும் சிறு குறுவாள் எவர் குருதியையும் நாடுவதன்று; அது எழுநூறு ஆண்டு அறிவின் சுருக்கம். அவ்வறிவை நூதனசாலைப் பேழைகள் காத்தில. தோய்ச்சலின் இருளில் ஆசானின் அருகே நின்று, நெருப்பின் நிறம் இதுவெனக் கண்டுகொண்ட மாணாக்கனின் கண்களே அதனைக் காத்தன. கற்பிப்போரும் கற்போரும் உள்ள எவ்விடத்தும் இவ்வுண்மை நினைக்கத்தக்கதாம்.